வேனை வெளியே விட்டுவிட்டு மதுரைக்குள் போவது

(ஆவணி மாத உறுப்பினர் கூட்டத்தில் சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். அதில் ஐந்து நிமிடம் மைக் சரிசெய்வதிலேயே போய்விட்டது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சம்ப்புக்குப் பக்கத்தில் நிற்கிற வெள்ளை வேனைப் பற்றித்தான் பேசச் சொன்னார்கள். அதற்குள் என்ன இருக்கிறது, சினிமா ஷூட்டிங் வண்டி மாதிரி ஏன் இருக்கிறது என்று லிஃப்டில் பார்க்கிற எல்லோரும் கேட்கிறீர்கள். பிள்ளைகள் எனக்குக் 'கேரவன் பாட்டி' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அந்த வண்டியை வைத்துக்கொண்டு போன ஆடியில் மதுரையை மூன்று நாள் பார்த்துவிட்டு வந்தோம். இங்கிருந்து 75 கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம், அதற்கு எதற்கு வண்டியில் கட்டில் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது உங்களுக்குத் தெரியும். இடது பக்கம் இன்னும் சரியாக வரவில்லை. வாக்கர் பிடித்து ஐம்பது அடி நடப்பார், அப்புறம் உட்கார வேண்டும். மாத்திரை காரணமாக மணிக்கு ஒரு தரம் பாத்ரூம் போக வேண்டும். உட்கார்கிற கழிப்பறையாக இருக்க வேண்டும், பக்கத்தில் பிடித்துக்கொள்ள கம்பி இருக்க வேண்டும். தேனியை விட்டால் ஆண்டிப்பட்டி, உசிலம்பட்டி, செக்கானூரணி. இந்த வழியில் அப்படி ஒரு கழிப்பறையைத் தேடிப் பாருங்கள், புரியும். பதினாலு மாதம் அவர் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகவில்லை. கல்லூரி படித்தது மதுரையில். "இனிமே மதுரையை டிவியிலதான் பாக்கணும் போல" என்று ஒரு நாள் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

இது நோயாளிகளின் பிரச்சினை மட்டும் இல்லை. பஸ்ஸில் வெளியூர் போகிற நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் கிளம்புகிற பெண்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர் இருக்கிறோம்? கை தூக்கச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

வண்டி பழைய டெம்போ டிராவலர், பன்னிரண்டு சீட். பஸ் பாடி கட்டுவதற்குப் பேர்போன கரூரில் ஒரு பட்டறையில் கொடுத்து மாற்றினோம். பின்பக்கம் கட்டில், நடுவில் இரண்டு சீட், ஓரத்தில் சின்ன மேடை, ஒற்றை அடுப்பு, 5 கிலோ சிலிண்டர், மேலே தண்ணீர்த் தொட்டி. மூலையில் கழிப்பறை. அதன் அடியில் இழுத்து எடுக்கிற மாதிரி ஒரு பெட்டி இருக்கும். வண்டியில் இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் அலங்காரம். இப்படி மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. அது இல்லாமல் வண்டி ஓடும். ஆனால் ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸில் பெரிய சிக்கல் வரும். இதைச் செய்ய நினைக்கிறவர்கள் பட்டறைக்குப் போகும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள்.

வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே தூங்குவது நம் பள்ளத்தாக்குக்கு ஒன்றும் புதுசில்லை. கார்த்திகை பிறந்தால் வீரபாண்டியிலிருந்து கம்பம், கூடலூர் வரைக்கும் ரோட்டோரத்தில் அடுப்பு மூட்டி, வேனுக்கும் புளியமரத்துக்கும் வேட்டியைக் கட்டிக் காயப்போட்டிருக்கிற ஐயப்ப பக்தர்களை வருஷா வருஷம் பார்க்கிறோம். மலைக்கு மேலே கேரளாக்காரர்கள் இதையே ஒரு சுற்றுலாத் திட்டமாக்கிவிட்டார்கள். 2021-இல் கேரவன் கொள்கை அறிவித்தார்கள், 2022 பிப்ரவரியில் வாகமணில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தார்கள். அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் எங்களுக்கும் ஆசை வந்தது. ஆனால் மலைக்கும் அருவிக்கும் இப்படிப் போவது சுலபம், நிழல் பார்த்து நிறுத்திவிடலாம். பெரிய நகரத்துக்குள் இந்த வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மதுரைக்குள், அதுவும் மாசி வீதிக்குள், இருபது அடி நீள வேனைக் கொண்டு போய் நிறுத்துவதை நினைத்துப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற மகள் சில வீடியோக்களை அனுப்பினாள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் குளிர்காலத்தில் வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு மெக்சிகோவுக்கு இறங்குகிறார்கள். அங்கே மெக்சிகோ சிட்டி, குவாதலஹாரா எல்லாம் நம் சென்னை மாதிரி பெரிய ஊர்கள். மெக்சிகோ சிட்டியில் 1989-இலிருந்து ஒரு விதி உண்டு. வண்டி நம்பரின் கடைசி இலக்கத்தைப் பொறுத்து வாரத்தில் ஒரு நாள் அந்த வண்டி ரோட்டுக்கு வரக் கூடாது. அந்த ஊருக்கு வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் தியோத்திவாகன் என்ற பழைய பிரமிடு நகரம் இருக்கிறது. பலர் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறி நகரத்துக்குள் போகிறார்கள். குவாதலஹாராவிலும் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு பஸ்ஸிலோ ரயிலிலோ போவதுதான் வழக்கம். அங்கே 2020-இல் திறந்த மூன்றாவது ரயில் பாதை பழைய ஊரின் நடுவில், தேவாலயத்துக்கு அடியிலேயே போகிறது. எனக்குப் பளிச்சென்று புரிந்தது இதுதான்: வண்டி தூங்குவதற்கு, ஊர் நடப்பதற்கு. இரண்டையும் கலக்கக் கூடாது.

சரி, மதுரைக்கு வெளியே எங்கே நிறுத்துவது? அங்கே கேரவன் பூங்கா எதையும் நாங்கள் பார்க்கவில்லை. பெட்ரோல் பங்க்கில் ஒரு ராத்திரி தாங்கலாம், மூன்று ராத்திரி முடியாது. யோசித்துப் பார்த்தால் நம் ஊரில் மதில், கேட், வாட்ச்மேன், போர் தண்ணீர், கரண்ட், வரிசையாகப் பத்து கழிப்பறை, லாரி திரும்புகிற அளவு முற்றம் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது எங்கே? கல்யாண மண்டபம்! ஆடியிலும் மார்கழியிலும் அது காலியாகக் கிடக்கும். தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மண்டபத்துக்காரரிடம் பேசினோம். முதலில் அவருக்கு விளங்கவில்லை. "என்ன விசேஷம்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ராத்திரிக்கு 500 ரூபாய், கரண்டுக்குத் தனி என்று ஒத்துக்கொண்டார். மணமகன் அறையை எங்கள் டிரைவர் தம்பிக்குத் திறந்துவிட்டார். ஒன்று சொல்கிறேன், யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. நாம் டூர் போகும்போது டிரைவர் எங்கே படுக்கிறார் என்று கேட்பதே இல்லை. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துத் தூங்கியவர்தான் மறுநாள் நம் குடும்பத்தைக் கணவாய் ரோட்டில் இறக்குகிறார். டிரைவருக்குக் கட்டில் உண்டா என்பதுதான் இடம் பார்க்கும்போது நாங்கள் கேட்கிற முதல் கேள்வி.

கழிப்பறைப் பெட்டியைக் காலையில் மண்டபத்துக் கழிப்பறையில் கொட்டிக் கழுவுவது என் வேலை. அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. வாய்க்காலிலோ ரோட்டோரத்திலோ கொட்டுகிறவர்கள்தான் கூச்சப்பட வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் நகரத்துக்குள் போகவே இல்லை. பக்கத்திலேயே கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் கோயில், ஆலமரம், தாமரைக் குளம். அவரை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் படியேறிப் பேச்சிப்பள்ளம் வரை போனேன். சுனைக்குப் பக்கத்தில் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். இறங்கி வந்தபோது இவர் குளத்தைப் பார்த்தபடி, பக்கத்தில் இருந்த ஆடு மேய்க்கிறவரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நோய் வந்தபிறகு புது மனிதர் ஒருவரிடம் அவர் பேசியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் விடியற்காலையில் ஆட்டோ. முதல் நாளே ஒரு ஆட்டோக்காரரிடம் பேசி வைத்திருந்தோம். மடக்கு சக்கர நாற்காலி பின்னால் ஏறிவிடும். மதுரையில் வயசானவர்களோடு சுற்றுகிறவர்களுக்கு ஒரு சேதி: நாற்காலி தள்ளுவதற்கு மதுரையிலேயே நல்ல இடம் கோயிலைச் சுற்றி இருக்கிற சித்திரை வீதிகள்தான். வண்டிகளை விடுவதில்லை. தரை சமமாக இருக்கிறது. காலை ஆறு மணிக்கு நான்கு கோபுரத்தையும் சுற்றி வந்தோம், நான் தள்ள, அவர் வழி சொல்ல.

மதுரை வீதிகளைப் பற்றி அவர் சொன்னதை நான் அப்படியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாற்காலியில் உட்கார்ந்தவர் வழிகாட்டியாகிவிட்ட நாள் அது. கோயில் மதிலுக்குள்ளே ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள். பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் ஊரை இப்படி ஒழுங்குபடுத்தினார்கள். ஆனால் சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதியில்! மாசியில் நடந்த திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், வீதியின் பேர் மட்டும் மாறவில்லை என்பார்கள். வெளி வீதி இருக்கும் இடத்தில் முன்னால் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. ஊர் நெரிசல் தாங்காமல் 1840-களை ஒட்டி பிளாக்பர்ன் என்ற கலெக்டர் கோட்டையை இடிக்க வைத்தார். இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலத்தையே கொடுத்தார். அளந்த சர்வேயர் மாரட், வேலையைப் பார்த்தவர் பெருமாள் மேஸ்திரி. இரண்டு பேர் பெயரிலும் இன்றைக்கும் வீதி இருக்கிறது. கலெக்டர் நினைவாக வைத்த விளக்குத்தூணும் இருக்கிறது. ஒரு மேஸ்திரியின் பேர் ஊரின் நடு வீதிக்கு நிலைத்துவிட்டது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இடித்ததில் மிச்சமான கோட்டைத் துண்டு ஒன்று பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. ஆட்டோவை நிறுத்திப் பார்த்தோம். தினமும் அதைத் தாண்டிக் கல்லூரிக்குப் போனாராம், கோட்டை என்றே தெரியாதாம்.

கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது, வெளியே கொடுத்துவிட வேண்டும். இரண்டு பேரும் பிரிந்துவிட்டால் தேடுவது கஷ்டம், அதனால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். உயரமான கல் நிலைப்படிகள் வருகிற இடத்தில் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர், கேட்காமலே வந்து நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள். பொற்றாமரைக் குளத்துப் படியோரம் அரை மணி நேரம் இருந்தோம். வெளியே வந்து எதிரே புதுமண்டபத்தைக் காட்டி, "இங்கதான் மெஷின் வரிசையா ஓடிக்கிட்டே இருக்கும், கால் மணி நேரத்துல கால்சட்டை தைச்சுக் குடுப்பான்" என்றார். தையல்காரர்கள் இப்போது அங்கே இல்லை, கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அது நல்லதுதான், மண்டபத்தின் சிற்பங்கள் மூச்சு விடுகின்றன. அவர் முகம் மட்டும் கொஞ்சம் வாடிவிட்டது.

பதினொன்றரைக்கெல்லாம் வேனுக்குத் திரும்பிவிட்டோம். இதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். வெயிலும் ஏறிவிடும். லாட்ஜில் தங்கியவர்கள் நேரம் வீணாகிறதே என்று அந்த வேளையிலும் அலைவார்கள். நாங்கள் மண்டபத்து வேப்பமரத்தடியில் வேன் கதவைத் திறந்து போட்டு, ரசம் சாதமும் அப்பளமும் சாப்பிட்டு, நான்கு மணி வரைக்கும் படுத்தோம். அவர் கட்டிலில், நான் சீட்டில். ஆடிக் காற்று இரண்டு பக்க ஜன்னலிலும் அடித்தது. வீட்டில் தூங்கியதைவிட அங்கே நன்றாகத் தூங்கினார். ஒரு நகரத்தை ஒரே நாளில் பார்த்து முடிக்க வேண்டும் என்ற வெறியை வண்டி எடுத்துவிடுகிறது. அரை நாள் பார், அரை நாள் படு. நாளைக்கும் ஊர் அங்கேயேதான் இருக்கும்.

அன்று மாலை ஜிகர்தண்டா. சர்க்கரைக்காரருக்கு இரண்டு ஸ்பூன் என்று பேசி வைத்திருந்தோம். எத்தனை ஸ்பூன் உள்ளே போனது என்று நான் எண்ணவில்லை.

மூன்றாம் நாள் மேல மாசி வீதி. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காந்தி இடுப்பில் ஒற்றை வேட்டியோடு வெளியே வந்தது அங்கிருந்த ஒரு வீட்டிலிருந்துதான். நம் ஏழைகள் உடுத்துவதற்கு மேல் தானும் உடுத்துவதில்லை என்று அங்கே முடிவெடுத்தார். இப்போது கீழே கதர்க் கடை. அவருக்கு ஒரு துண்டு வாங்கினோம். அங்கிருந்து தமுக்கம் பக்கம் காந்தி மியூசியம். ராணி மங்கம்மாள் அரண்மனையாக இருந்த கட்டடம், 1959-இல் நேரு திறந்து வைத்தது. காந்தி கடைசியாக உடுத்தியிருந்த, இரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. காலையில் ஒரு வேட்டி தொடங்கிய இடத்தையும் மதியத்துக்குள் அது முடிந்த இடத்தையும் பார்த்துவிட்டோம். ஆட்டோவில் யாரும் பேசவில்லை.

போகிற வழியில் ஏ.வி. பாலத்தில் மெதுவாகப் போகச் சொன்னார். 1889-இல் கட்டிய பாலம். கீழே வைகையில் மணலும் ஆகாயத்தாமரையும், நடுவில் ஒரு சின்ன ஓடை. ஆடிப் பெருக்கு எல்லாம் காவிரிக்காரர்களுக்கு. நாம் நம் பக்கத்தில் முல்லைப்பெரியாறு தண்ணீர் லோயர் கேம்ப்பில் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். பென்னிகுவிக் கட்டிய அணையை 1895-இல் திறந்து திருப்பிவிட்ட தண்ணீர், கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நெல்லை விளைய வைத்துவிட்டு வைகையில் சேர்ந்து, வைகை அணையில் தங்கி, மதுரைப் பக்கம் போகிறது. ஆட்டோக்காரரிடம் "தம்பி, நீங்க குடிக்கிறது எங்க ஊர்த் தண்ணி" என்றார் இவர். "அதான் அய்யா கொஞ்சமா அனுப்புறீங்க" என்றார் அவர். மதுரைக்காரர்களிடம் வாய் கொடுக்கக் கூடாது.

இவ்வளவுக்கும் வேன் எதற்கு, ரயில் வந்துவிட்டதே என்று ஏ பிளாக்கில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2010 கடைசியோடு நின்றுபோன ரயில், அகலப் பாதையாகி 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் வந்தது. நடமாட்டம் உள்ளவர்கள் தாராளமாக ரயிலில் போங்கள், டிக்கெட்டும் குறைவு, கழிப்பறையும் உண்டு. ஆனால் தொடங்கியபோது அந்த ரயிலின் நேரம் காலையில் மதுரையிலிருந்து தேனி, மாலையில் தேனியிலிருந்து மதுரை. மதுரைக்காரர் ஒரு நாளில் தேனியைப் பார்த்துத் திரும்பலாம், தேனிக்காரர் மதுரையில் ராத்திரி தங்க வேண்டும். தங்குவது என்று வந்துவிட்டால் எங்களுக்குக் கட்டிலும் கழிப்பறையும் கூடவே வர வேண்டும்.

இப்போது சங்கத்து விஷயம். இன்றைய ஐந்தாவது தீர்மானம் பெரிய வண்டிகளை உள்ளே நிறுத்தலாமா என்பது. சம்ப்பு ஓரத்து இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சிலருக்கு வருத்தம். தண்ணீர் லாரி வருகிற நாளில் வேனை எடுத்துத்தான் ஆக வேண்டும், எடுத்துக்கொண்டும் இருக்கிறேன். மாதத்துக்கு இவ்வளவு என்று சங்கம் சொன்னால் கட்டுகிறேன். என் வேண்டுகோள் வேறு. அந்த இடத்தில் ஒரு பிளக் பாயிண்டும் ஒரு குழாயும் போட்டுக்கொடுங்கள், செலவு என்னுடையது. நம் வேன் வெளியூர் போயிருக்கும் நாட்களில் அந்த இடம் காலி. அப்போது மூணாறுக்கோ தேக்கடிக்கோ போகிற வழியில் இப்படி ஒரு வண்டி நம் உறுப்பினர் ஒருவருக்குத் தெரிந்தவர்களோடு வந்தால், கூர்க்கா ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு ஒரு ராத்திரி நிற்கட்டும். மதுரையில் ஒரு மண்டபத்துக்காரர் எங்களுக்குக் கேட்டைத் திறந்தார். அதனால்தான் கேட்கிறேன். வேண்டாம் என்று பெரும்பான்மை சொன்னால் வருத்தப்பட மாட்டேன். பக்கத்துக் காலி மனைக்காரரிடம் பேசியிருக்கிறேன்.

வேனைப் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வாருங்கள். முக்கியமாக வீட்டில் முழங்கால் வலிக்காரர்கள் இருந்தால் அவர்களையே கூட்டி வாருங்கள். படியின் உயரத்தை இரண்டு தரம் மாற்றி இப்போது ஏழு அங்குலத்தில் வைத்திருக்கிறோம். அது போதுமா என்று அவர்கள் ஏறிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பொங்கல் கழிந்து தஞ்சாவூர் போவதாக இருக்கிறோம். மார்கழிக்குள் அங்கே மண்டபம் பேசி வைக்க வேண்டும், தை பிறந்துவிட்டால் முகூர்த்தம் ஆரம்பித்துவிடும். அந்தப் பக்கம் யாருக்காவது சொந்தக்காரர் மண்டபம் இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.